கருவியும் குடும்பமும்: கூட்டுச் சக்கரத்தில் காற்றுக் கசிவு



இம்மாதப் பகுதிக்குக் காரணமாக அமைந்தது, நம் சங்க உறுப்பினராகிய பெரியவர் ஒருவர் எனக்கு எழுதிய கடிதம். அவருடைய புதல்வர் தம் காருக்கு அழகிய அலாய் சக்கரங்கள் நான்கினைப் பழைய விலைக்கு வாங்கி மாட்டியிருக்கிறார். ஒவ்வொரு சக்கரமும் மூன்று துண்டுகளைச் சிறுசிறு போல்ட்டுகளால் பூட்டிச் செய்யப்பட்டது. அவற்றுள் ஒன்றில் மட்டும் வாரத்துக்கு 8 பவுண்டு காற்று குறைகிறது. பஞ்சர் கடைக்காரர் மூன்று முறை டயரைக் கழற்றிப் பார்த்துவிட்டு, ஆணியும் இல்லை, முள்ளும் இல்லை என்று கூறி, உள்ளே ஒரு டியூப் போட்டுக்கொள்ளுமாறு யோசனை சொன்னார். புதல்வரோ, அந்தப் போல்ட்டுகளைத் தாமே சற்றுத் தளர்த்தி மீண்டும் இறுக்கினால் கசிவு நின்றுவிடும் என்று கருதுகிறார். சித்திரையில் குடும்பத்துடன் அதே காரில் மதுரைக்குப் புறப்பட உத்தேசம். "இவ்விரண்டு யோசனைகளில் எது சரி?" என்பது பெரியவரின் கேள்வி.

இரண்டுமே சரியல்ல. முதல் யோசனை பணத்துக்கும் பிரயாணத்துக்கும் கேடு. இரண்டாவது உயிருக்கே கேடு. ஆகவே, இதழ் அச்சாகி வரும்வரை காத்திராமல், "சக்கரத்தில் காற்று இருக்கும்போது அந்தப் போல்ட்டுகளின்மீது ஸ்பானரை வைக்க வேண்டா" என்று அன்றே அவருக்குத் தனியாகப் பதில் எழுதிவிட்டேன். அதன் காரணத்தை எல்லோரும் அறிய வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை. நான் ரயில்வேயில் எழுத்தர் வேலை பார்ப்பவனேயன்றி மெக்கானிக் அல்லன். எனினும் படித்தறிந்ததையும், பட்டறைகளில் நின்று பார்த்ததையும், கைத்தொழில் வல்லார் சொல்லக் கேட்டதையும் ஒழுங்குபடுத்தி எழுதுவது எழுத்தன் செய்யத் தகுந்த காரியமே.

கூட்டுச் சக்கரம் என்பது யாது?

சாதாரணக் கார்ச் சக்கரம் ஒரே துண்டு. இரும்புச் சக்கரமானால் தகடுகளைப் பற்றவைத்து ஒன்றாக்கிவிடுவார்கள். அலாய் சக்கரமானால் பெரும்பாலும் ஒரே வார்ப்பு. காற்று புகுந்து வெளியேற அதில் இணைப்பு வாய் கிடையாது. ஆனால் சில சக்கரங்கள் இரண்டு அல்லது மூன்று பகுதிகளாகச் செய்யப்படுகின்றன. நடுவில் ஆரக்கால்களோடு கூடிய தட்டு. அதன் வெளிப்புறம் ஒரு வளைய விளிம்பு. உட்புறம் பீப்பாய் போன்ற ஓர் அகன்ற வளையம். இம்மூன்றையும் வட்டமாக அமைந்த முப்பது, நாற்பது சிறு போல்ட்டுகள் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும். இத்தகையவற்றை நாம் வசதிக்காகக் கூட்டுச் சக்கரம் என்று அழைப்போம்.

இப்படித் துண்டு துண்டாகச் செய்வானேன் என்று கேட்கலாம். ஒரே நடுத்தட்டை வைத்துக்கொண்டு, வளையங்களை மட்டும் மாற்றி, வேண்டிய அகலத்தில் சக்கரம் செய்துகொள்ளலாம். விளிம்பு அடிபட்டால் அதனை மட்டும் மாற்றலாம். பந்தயக் கார்களுக்கு இவ்வசதி பெரிதும் பயன்பட்டது. ஜெர்மனியில் ஷில்டாக் என்னும் சிற்றூரில் 1970-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற பி.பி.எஸ். நிறுவனம் இவ்வகைச் சக்கரங்களால் பெயர் பெற்றது. அதன் பெயரில் உள்ள மூன்று எழுத்துகளும் பவும்கார்ட்னர், பிராண்ட் என்னும் இருவரையும் அந்த ஊரையும் குறிப்பன. பந்தயக் களத்திலிருந்து இவ்வழகு பின்னர் சாலைக் கார்களுக்கும் வந்தது. இன்று நம் நகரங்களிலும் இளைஞர்கள் இவற்றைத் தேடிப் பிடித்து வாங்குகின்றனர்.

இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த வேறு இரண்டு சக்கரங்கள் நமக்கு நெடுநாளாகவே பழக்கமானவை. ஒன்று, ஸ்கூட்டர் சக்கரம். வெஸ்பாவிலும், 1972 முதல் நம் தெருக்களில் ஓடிய பழைய பஜாஜ் சேத்தக்கிலும், ரிம் இரண்டு பாதிகளாக இருந்து நட்டுகளால் பூட்டப்பட்டிருக்கும். மற்றொன்று, லாரி, பஸ் முதலிய கனரக வண்டிகளின் ரிம். அதில் டயரை மாட்டிய பிறகு பிளவுள்ள ஓர் இரும்பு வளையத்தைப் பள்ளத்தில் பதித்து டயரை நிறுத்துவார்கள். இவ்விரண்டிலும் டியூப் இருப்பதால் காற்றைக் காப்பது டியூபின் பொறுப்பு. ரிம் வெறும் தாங்கிதான். டியூப் இல்லாத டயரை ஏற்கும் கூட்டுச் சக்கரத்திலோ, தாங்குவதும் காப்பதும் ஆகிய இரண்டு பொறுப்புகளும் ரிம்மின்மீதே விழுகின்றன. துண்டுகள் சந்திக்கும் இடத்தில் சிலிக்கோன் பசையோ, சில வகைகளில் ரப்பர் வளையமோ வைத்துக் காற்றை அடைத்திருப்பார்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல அந்தப் பசை உலர்ந்து பிடிப்பை இழக்கும். குழியில் விழுந்து எழும் அதிர்ச்சியில் விளிம்பிலிருந்து பெயரும். கடிதத்தில் கண்ட கசிவுக்கு முதல் சந்தேகம் இங்கேதான். ஆனால் சந்தேகம் வேறு, சாட்சியம் வேறு.

முதலில் கணக்கு, பிறகு கை

கசிவே இல்லாத டயர் உலகில் இல்லை. ரப்பரின் நுண்ணிய துளைகள் வழியே மாதத்துக்கு ஒன்று, இரண்டு பவுண்டு காற்று தானாகவே வெளியேறும். ரயிலிலும் அப்படியே. வண்டி புறப்படுமுன், எஞ்சினில் 5 கிலோ அழுத்தத்தில் செலுத்தும் பிரேக் காற்று கடைசிப் பெட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று அங்குள்ள மானியில் பார்ப்பார்கள். சிறிது குறைந்திருப்பது இயல்பு. வரம்புக்கு மேல் குறைந்தால் வண்டி நகராது. கசிவு இருக்கிறதா என்பதன்று கேள்வி. அதன் அளவு நமக்குத் தெரியுமா என்பதே கேள்வி.

ஆகவே, ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வாங்கிக் காற்றுக் கணக்கு எழுதுக. தேதி, நேரம், நான்கு சக்கரங்களின் அழுத்தம் என்று ஆறு பத்திகள் போதும். ஒரே கேஜைக் கொண்டு, காலையில் வண்டியை நகர்த்துமுன் அளக்க வேண்டும். ஓடிச் சூடேறிய டயரில் அளவு கூடுதலாகக் காட்டும், அதனை நம்பலாகாது.

வடக்கே வாழும் நமக்கு இன்னொரு செய்தியும் முக்கியம். ஐப்பசியில் 32 பாகை வெப்பத்தில் 32 பவுண்டு அடித்த டயர், தை மாதத்து விடியலில் 8 பாகைக் குளிரில், ஒரு துளியும் கசியாமலேயே, ஏறத்தாழ 28 பவுண்டு என்று காட்டும். குளிரில் காற்று சுருங்குவதே காரணம். இதைக் கசிவு என்று நினைத்து டயரைக் கழற்றச் சொல்லுவோர் பலர். கணக்கு எழுதுகிறவர் ஏமாறமாட்டார். நான்கு சக்கரங்களும் ஒரே அளவாகக் குறைந்தால் அது பருவத்தின் வேலை. ஒன்று மட்டும் குறைந்தால் அது கசிவு. வாரத்துக்கு இரண்டு, மூன்று பவுண்டு குறைந்தால் விரைவில் கவனிக்க வேண்டிய சிறு கசிவு. ஒரே நாளில் அவ்வளவு குறைந்தால், பழுது பார்க்கும்வரை அந்தச் சக்கரத்தோடு வண்டியை எடுக்கலாகாது.

கசியும் இடம் எது?

இனி, இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். சக்கரத்தை வண்டியிலிருந்து கழற்றித் தரையில் படுக்க வைத்து, வழக்கமான அளவுக்குக் காற்றடித்து, சோப்புத் தண்ணீரை நன்றாகக் கரைத்துத் தூரிகையால் பூசுக. ஒவ்வோர் இடத்திலும் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். பெரிய கசிவு குமிழாக எழும். சிறிய கசிவு சில நிமிடங்கள் கழித்தே வெண்ணிற நுரையாகத் திரளும். ஒரு பக்கம் முடிந்ததும் புரட்டிப் போட்டு மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும்.

பார்க்க வேண்டிய வரிசை இது. முதலில் வால்வின் வாய். அதன் உள்ளே இருக்கும் ஊசி தேய்ந்திருந்தால் சில ரூபாயில் காரியம் முடிந்துவிடும். அடுத்து வால்வின் அடி. அங்குள்ள ரப்பர் வெடித்திருக்கலாம். மூன்றாவது, டயர் தரையில் படும் பகுதி. நான்காவது, டயரின் ஓரம் ரிம்மில் அமரும் இடம். அங்கே துருவோ உப்போ பூத்திருந்தாலும், பழைய அழுக்கு ஒட்டியிருந்தாலும் காற்று நழுவும். ஐந்தாவது, துண்டுகள் கூடும் மூட்டும் போல்ட்டுகளின் தலைகளும். கடைசியாக, உலோகத்திலேயே விரிசல் உண்டா என்பது. எளியதும் செலவு குறைந்ததும் முதலிலே வருமாறு இவ்வரிசை அமைந்திருக்கிறது. மூட்டின்மீது சந்தேகம் எவ்வளவு வலுவாக இருப்பினும் வால்வைப் பார்க்காமல் மூட்டுக்குப் போகலாகாது.

ஒரு நுட்பமும் இங்கே உண்டு. ஏதோ ஒரு போல்ட்டின் தலையில் குமிழ் எழுந்தால், குற்றம் அந்தப் போல்ட்டினுடையது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. உள்ளே பசை பெயர்ந்தது ஓரிடமாக இருக்கும். காற்று மூட்டின் இடுக்கு வழியே சுற்றி வந்து, தனக்கு வழி கிடைத்த போல்ட்டுத் துளையில் வெளிப்படும். கூரை ஒழுகும் வீட்டில், ஓடு உடைந்தது ஓரிடம், தண்ணீர் சொட்டுவது வேறிடம் அல்லவா? ஆகவே, போல்ட்டில் குமிழ் கண்டால், "மூட்டின் பசை முழுவதும் புதுப்பிக்கத்தக்கது" என்று பொருள் கொள்க. "இந்தப் போல்ட்டை இறுக்குக" என்று பொருள் கொள்ளற்க.

உள்ளே அடைபட்டிருப்பது எத்தனை மூட்டை?

பெரியவரின் புதல்வர் செய்ய நினைத்ததில் அபாயம் எங்கே என்பதை இப்போது பார்ப்போம். "முப்பது பவுண்டு காற்று" என்று நாம் பேச்சுவழக்கில் சொல்லுகிறோம். கேட்பதற்குச் சிறு பொருளாகத் தோன்றுகிறது. ஆனால் அது ஒவ்வொரு சதுர அங்குலத்துக்கும் முப்பது பவுண்டு என்பதை மறந்துவிடுகிறோம்.

17 அங்குல ரிம்மில் ஏறிய, வெளிவட்டம் 25 அங்குலமுள்ள டயரின் பக்கச் சுவரை எடுத்துக்கொள்வோம். அவ்வளையத்தின் பரப்பு ஏறத்தாழ 260 சதுர அங்குலம். 32 பவுண்டு அழுத்தத்தில் அதன்மீது காற்று செலுத்தும் விசை 8,300 பவுண்டு. அதாவது 3,700 கிலோவுக்கு மேல். இதில் ஒரு பங்கை டயரின் மேற்பகுதி தாங்கும். பாதியே ரிம்முக்கு வருவதாகக் கொண்டாலும் 1,800 கிலோ. இரண்டு சிறு கார்களின் எடைக்கு ஈடான விசை, விளிம்பை வெளியே தள்ளிக்கொண்டு ஒவ்வொரு கணமும் நிற்கிறது. அதனைத் தடுத்து நிறுத்துவன அந்தச் சிறு போல்ட்டுகளே. அவற்றை ஒவ்வொன்றாகத் தளர்த்தினால், எஞ்சியவற்றின்மீது பாரம் ஏறுகிறது. ஏதோ ஒரு போல்ட்டின் முறை வரும்போது எல்லாம் ஒருங்கே விட்டுவிடும். அந்த வேளையில் விளிம்பு பறக்கும் திசையில் இருப்பது ஸ்பானரைப் பிடித்துக் குனிந்திருப்பவரின் முகம்.

காருக்கு மட்டும் உரியதன்று இது. 10 அங்குல ரிம்முடைய பழைய ஸ்கூட்டரின் டயரில் 25 பவுண்டு காற்றுக்கு அதே முறையில் கணக்கிட்டால், இரு பாதிகளையும் பிரிக்க முயலும் விசை 800 கிலோவைத் தாண்டும். ஐம்பது கிலோ அரிசி மூட்டை பதினாறு! ஸ்கூட்டர் சக்கரத்தில் இரண்டு வகை நட்டுகள் உண்டு. ஒரு வகை, சக்கரத்தை வண்டியோடு பிணைப்பது. மற்றொரு வகை, ரிம்மின் இரு பாதிகளையும் பிணைப்பது. ஸ்டெப்னி மாற்றப் புகுந்த புதியவர் வகையறியாது இரண்டாவதில் கைவைத்தால் விபரீதம். நம் வீடுகளில் அப்பாவின் நினைவாகப் பழைய ஸ்கூட்டரை இன்றும் துடைத்து வைத்திருப்போர் உண்டு. பிள்ளைகளுக்கு அவ்விரு வகை நட்டுகளையும் தொட்டுக் காட்டிக் கற்பித்தல் நலம்.

லாரி ரிம்மில் அழுத்தம் நூறு பவுண்டையும் தாண்டுவதால் அபாயம் பன்மடங்கு. சரியாகப் பதியாத இரும்பு வளையம் காற்றடிக்கும்போது தெறித்து உயிர்களைக் கொண்டுபோயிருக்கிறது. அமெரிக்காவில் 1980-ஆம் ஆண்டில் இதற்கென்றே அரசாங்க விதி ஏற்பட்டது. இவ்வகைச் சக்கரத்துக்குக் காற்றடிக்கும்போது அதனை இரும்புக் கூண்டு போன்ற தடுப்புக்குள் வைக்க வேண்டும். வேலை செய்வோர் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். கழற்றுமுன் வால்வு ஊசியை எடுத்துக் காற்றை முழுவதும் வெளியேற்ற வேண்டும் என்பன அவ்விதியின் சாரம். நெடுஞ்சாலையோரக் கடையில் லாரி டயருக்குக் காற்றடிப்பதைக் கண்டால், குழந்தைகளை அழைத்துக்கொண்டு எட்டப் போய்விடுங்கள். வேடிக்கை பார்க்கத் தக்க இடமன்று அது.

ஆகையால், கூட்டுச் சக்கரத்துக்கு ஒரே சூத்திரம்: முதலில் காற்று, பிறகு நட்டு. வால்வு மூடியை எடுத்துச் சற்றே அழுத்தி "உஸ்" என்ற ஓசை நின்றதும் காற்றுப் போய்விட்டது என்று கருதலாகாது. ஊசியையே கழற்றி எடுத்துவிட வேண்டும். வால்வில் அழுக்கு அடைத்திருக்கக்கூடுமாதலால், மெல்லிய கம்பி ஒன்றை உள்ளே விட்டுப் பார்த்து, டயரைக் காலால் மிதித்து அது தொய்வதை உறுதி செய்த பின்னரே மேற்கொண்டு செய்ய வேண்டும். இங்குள்ள கடைக்காரரிடம் நம் மொழி செல்லாது. "பாயி சாஹப், பஹலே பூரி ஹவா நிகாலியே" என்னும் ஒரு வாக்கியத்தை வீட்டில் எல்லோரும் மனப்பாடம் செய்துகொண்டால் போதும். முதலில் காற்று முழுவதையும் வெளியேற்றுங்கள் என்பது அதன் பொருள். இதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை.

பழுது பார்க்கும் முறை

மூட்டில்தான் கசிவு என்று சோப்புத் தண்ணீர் சாட்சி சொல்லிவிட்டால், செய்ய வேண்டுவன இவை. கசிவு நின்றால் போதுமென்ற அளவில், பெரும்பாலான சக்கரங்களில் போல்ட்டுகளைக் கழற்றவே தேவையில்லை. டயரை நீக்கிவிட்டால், மூட்டின் உட்புறப் பள்ளம் சுற்றிலும் கண்ணுக்குத் தெரியும். அடைக்க வேண்டியது அங்கேதான்.

முதற்படி, பழைய பசையை அடியோடு அகற்றுதல். இதிலேதான் பலர் அவசரப்படுகிறார்கள். புதிய சிலிக்கோன் உலோகத்தில் நன்றாக ஒட்டும். உலர்ந்த பழைய சிலிக்கோனின்மீது ஒட்டாது. பெயர்ந்த இடத்தில் மட்டும் புதிதாகத் தடவினால், அது ஒரு மாதத்தில் தோல் உரிவதுபோல் உரிந்துவிடும். ஆகவே, வட்டம் முழுவதையும் சுரண்டி எடுக்க வேண்டும். இரும்பு உளியால் சுரண்டினால் அலுமினியத்தில் கீறல் விழுந்து, அக்கீறலே புதிய கசிவு வழியாகிவிடும். பிளாஸ்டிக் சுரண்டியே ஏற்றது. பிறகு ஐசோப்ரோபைல் ஆல்கஹாலைத் தூய துணியில் நனைத்து, துணியில் கறை படியாத அளவுக்குப் பலமுறை துடைக்க வேண்டும். துடைத்த இடத்தைப் பின்னர் விரலால் தொடலாகாது. விரலின் எண்ணெய்ப் பசையே ஒட்டுதலைக் கெடுக்கும்.

இரண்டாம் படி, தக்க பசையைத் தேர்தல். கடையில் கிடைக்கும் சிலிக்கோனில் இரு வகை உண்டு. ஒரு வகை, உலரும்போது காடி நாற்றம் வீசும். அதில் வெளிப்படும் அமிலம் உலோகத்தை அரிக்கக்கூடியது. கண்ணாடித் தொட்டிக்கு அது போதும். அலுமினியச் சக்கரத்துக்கு ஆகாது. அமிலம் வெளிப்படாத மற்றொரு வகையே வேண்டும். குழாயின்மீது "நியூட்ரல்" என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குக.

மூன்றாம் படி, பூசுதல். மூட்டைச் சுற்றி இடைவெளி விடாமல் ஒரே கோடாகப் பசையை இட்டு, கையுறை அணிந்த விரலால் இழைத்து, இருபுறமும் உலோகத்தில் படியுமாறு சமன் செய்ய வேண்டும். வால்வுத் துளையை அடைத்துவிடாமலும், டயரின் ஓரம் அமரும் இடத்தில் மேடு கட்டாமலும் பார்த்துக்கொள்க.

நான்காம் படி, காத்திருத்தல். சிலிக்கோன் வெயிலில் காய்வதன்று. காற்றிலுள்ள ஈரத்தைப் பற்றிக்கொண்டு, வெளியிலிருந்து உள்நோக்கி மெல்ல மெல்ல இறுகும். ஒரு நாளில் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் ஆழமே இறுகும் என்று கொள்ளலாம். மேலே தோல் கட்டிவிட்டதைக் கண்டு, காய்ந்துவிட்டது என்று டயரை ஏற்றினால், உள்ளே இளகியிருக்கும் பசையைக் காற்று துளைத்துக்கொண்டு வெளியேறும்; செய்த வேலை அத்தனையும் வீண். குறைந்தது 24 மணி நேரம். வடக்கின் வறண்ட குளிர்காலத்தில் 48 மணி நேரம் விடுவது உத்தமம். மழைக்காலத்தில் துணி உலரத் தாமதமாகும், இந்தப் பசையோ விரைவில் இறுகும் என்பது ஒரு வேடிக்கை.

துண்டுகளைப் பிரித்தே தீர வேண்டிய நிலையும் உண்டு. ரப்பர் வளையம் வைத்த சக்கரம், விளிம்பு வளைந்த சக்கரம், மூட்டினுள் அரிப்புப் புகுந்த சக்கரம் ஆகியன அத்தகையன. அவ்வேலையை, அதில் பழகிய பட்டறையிலேயே செய்விக்க வேண்டும். அங்கே நாம் கவனிக்க வேண்டியவை நான்கு. பிரிக்குமுன் துண்டுகளின் சேர்க்கை நிலையைக் கோடிட்டுக் குறித்துக்கொள்கிறார்களா? ஒருமுறை இறுகி நீண்ட பழைய போல்ட்டுகளை விடுத்து, தயாரிப்பாளர் சொன்ன தரத்தில் புதியவற்றை இடுகிறார்களா? உலோக முகங்கள் ஒன்றோடொன்று நேராகப் பொருந்துகின்றனவா? போல்ட்டுகளை எதிரெதிராக, படிப்படியாக, முறுக்கு அளக்கும் ஸ்பானரால் தயாரிப்பாளர் குறித்த அளவுக்கு முடுக்குகிறார்களா? முகங்களின் நடுவே பசையோ பெயிண்டோ தடித்திருந்தால், நாளடைவில் அது நசுங்கி, போல்ட்டின் பிடி தளரும். கைப்பலத்தால் முடுக்கி, "இது போதும்" என்று கூறும் பட்டறையிலிருந்து பணிவாக விடைபெற்று வந்துவிடலாம்.

செய்யத் தகாதவை

டியூப் போடுவது பற்றிப் பெரியவர் கேட்டிருந்தார். கூட்டுச் சக்கரத்தின் உட்புறத்தில் மூட்டின் விளிம்பும், சில வகைகளில் போல்ட்டு முனைகளும் நீட்டிக்கொண்டிருக்கும். ஓட்டத்தில் டியூப் அவற்றோடு உரசும். மேலும், டியூப் இல்லாமல் ஓடுவதற்கென்று செய்த டயருக்குள் டியூப் இருந்தால் இரண்டும் தேய்ந்து சூடேறும். டியூப் இல்லாத டயர் பஞ்சரானால் பெரும்பாலும் மெதுவாகவே இறங்கும். டியூப் கிழிந்தால் காற்று ஒரே மூச்சில் போய்விடும். மெல்லிய கசிவைத் திடீர் விபத்தாக மாற்றும் வைத்தியம் அது.

வால்வு வழியே ஊற்றும் பஞ்சர் திரவமும் மூட்டுக் கசிவுக்கு மருந்தாகாது. டயரில் ஆணி துளைத்த வாயை அது அடைக்கக்கூடும். ஆனால் உள்ளே தேங்கிச் சக்கரத்தின் சமனைக் குலைப்பதோடு, பின்னர் பசை ஒட்ட வேண்டிய இடத்தையெல்லாம் வழுக்கலாக்கிவிடும். விரிசல் கண்ட அலாய் சக்கரத்தைத் தெருவோரத்தில் பற்றவைப்பதும் கூடாது. சூட்டினால் அந்த இடத்தின் வலிமையே மாறிவிடும். விரிசல் கண்ட துண்டை மாற்ற வேண்டும். மாற்றுத் துண்டு கிடையாதெனில் சக்கரத்தையே துறக்க வேண்டும். அழகுக்காகச் செலவிட்ட பணம் போயிற்றே என்று மனம் வருந்தும், வருந்தட்டும்.

டயரை மீண்டும் ஏற்றும்போது, அதன் ஓரம் ரிம்மில் சரியாக அமர்வதற்காக 40 பவுண்டுக்கு மேல் காற்றடிக்கலாகாது. அமரவில்லையெனில் காற்றை இறக்கி, ஓரத்துக்குச் சோப்பு நீர் தடவி, மறுபடி முயல வேண்டும். டயர் ஏற்றும் நெம்புகோல் புதுப் பசையைக் கீறிவிடாதபடி கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதும் அவசியம்.

பிரயாணத்துக்கு முன்

ஏறிய டயரை உடனே வண்டியில் மாட்டிப் புறப்பட்டுவிடாமல், மீண்டும் சோப்புத் தண்ணீர் பூசிப் பார்த்து, ஓர் இரவு வைத்திருந்து, காலையில் அளக்க வேண்டும். அளவு நின்றிருந்தால் சக்கரத்தை மாட்டி, நூறு கிலோமீட்டர் அளவுக்கு ஊருக்குள்ளேயே ஓட்டி, வண்டியோடு சக்கரத்தைப் பிணைக்கும் நட்டுகளை மறுபடி சரிபார்க்க வேண்டும். அதன் பின்னும் ஒரு வாரம் காற்றுக் கணக்கு எழுதுக. மற்ற மூன்று சக்கரங்களோடு இதுவும் ஒத்து நடந்தால்தான் பழுது தீர்ந்தது என்று பொருள். ஆக, பழுது பார்க்க இரண்டு நாள், சோதிக்க ஒரு வாரம். புறப்படும் நாளுக்குப் பதினைந்து நாள் முன்னதாகவே இவ்வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.

இவ்வளவு எச்சரிக்கை எதற்கென்றால், நம் பிரயாணத்தின் தன்மை அப்படிப்பட்டது. தில்லியிலிருந்தும் ஆக்ராவிலிருந்தும் ஜான்சியிலிருந்தும் நாகபுரியிலிருந்தும் ஊருக்குக் கார் எடுத்துச் செல்லும் நம் குடும்பங்கள் பெரும்பாலும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையிலேயே செல்லுகின்றன. ஐதராபாத், பெங்களூர், சேலம், மதுரை என்று குமரிமுனை வரையில் நீளும் சாலை அது. கோடை விடுமுறையில், தார் உருகும் வெயிலில், பின் இருக்கையில் பாட்டியும் குழந்தைகளும், பெட்டியில் ஊறுகாய் ஜாடியும் பட்டுப்புடவையுமாக, முழுப் பாரத்தோடு மணிக்கணக்கில் விரைவாக ஓடுகிறோம். காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் பக்கச் சுவரை மடக்கி நிமிர்த்தும். அதனால் சூடு பிறக்கும். சூட்டினால் ரப்பரும் உள்நூலும் பிரியும். இறுதியில் டயர் வெடிக்கும். ஊருக்குள் வாரத்துக்கு 8 பவுண்டு குறைவது வெறும் தொல்லை. நெடுஞ்சாலையில் அதே குறைவு குடும்பத்தின் கதியையே மாற்றிவிடலாம். மேலும், காற்றழுத்தம் காட்டும் கருவியும் பஞ்சர் அடைக்கும் சாதனமும் உள்ள கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020-ஆம் ஆண்டு மத்திய அரசு விதியைத் தளர்த்தியது. ஆகவே, நம் காரில் ஸ்டெப்னி உண்டா, அதில் காற்று உண்டா என்பதையும் வீட்டு வாசலிலேயே பார்த்துவிட வேண்டும்.

பழுது தீர்ந்ததாகக் கணக்கு காட்டவில்லையெனில், காருடன் வந்த பழைய ஒரே துண்டு இரும்புச் சக்கரங்களை மாட்டிக்கொண்டு புறப்படுவதே அறிவுடைமை. அழகுச் சக்கரங்கள் திரும்பி வரும்வரை வீட்டில் ஓய்வெடுக்கட்டும். ஊரிலே நம்மை எதிர்பார்த்து வாசலில் நிற்கும் உறவினர் பார்ப்பது சக்கரத்தையன்று. இறங்கி வரும் முகங்களையே.

கூட்டுச் சக்கரம் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் கருவிப் பெட்டியின் மூடியில் மூன்று வரிகளை எழுதி ஒட்டிவைக்குமாறு வேண்டுகிறேன். அளந்து பார், இடத்தைக் கண்டுபிடி, காற்றை முழுவதும் இறக்கியபின் நட்டைத் தொடு. முதல் இரண்டை மறந்தால் பணமும் நேரமும் போகும். மூன்றாவதை ஒருமுறைகூட மறக்கக் கூடாது.

அடுத்த இதழில், கோடை வருமுன் தண்ணீர்க் கூலரின் பம்பையும் மின்கம்பியையும் சோதிக்கும் முறைபற்றி எழுத எண்ணியுள்ளேன். ஐயங்கள் உள்ள அன்பர்கள் வழக்கம்போல் சங்கத்தின் முகவரிக்கு எழுதலாம்.